தயங்கி நிற்கும் கேள்வி

நோயைக் குறிப்பதற்காகப் பிறந்து, நோயை மறைப்பதற்காக வாழ்ந்துவரும் சொற்கள் சில நம் மொழியில் உண்டு. 'நரம்புத் தளர்ச்சி' என்பது அவற்றுள் ஒன்று. அறுபதைத் தாண்டிய ஆண் ஒருவர் மருத்துவர் முன் அமர்ந்து, மேசையின் விளிம்பைப் பார்த்தபடி, "கொஞ்ச நாளா நரம்புத் தளர்ச்சியா இருக்குங்க" என்று சொல்வாரானால், அவர் நரம்பைப் பற்றிப் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும். பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியும். ஆயினும் மருத்துவர் சத்து மாத்திரை எழுதுகிறார். வந்தவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். ஓர் இக்கட்டிலிருந்து தப்பிய நிம்மதியோடு இருவரும் பிரிகின்றனர். சொல்ல வந்தது சொல்லப்படவில்லை; கேட்க வேண்டியது கேட்கப்படவும் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் அமைந்த நம் திருவரங்குளத்திலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் மருத்துவம் இன்று எட்டாத் தொலைவில் இல்லை. 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. முழங்கால் வலியைத் திண்ணையில் அமர்ந்து உரக்கச் சொல்கிறோம். சர்க்கரை அளவை ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டுக்கூடச் சொல்லிக்கொள்கிறோம். உடலின் தளர்ச்சிகளுள் இந்த ஒன்றுதான் வாய் திறவாமல் நிற்கிறது. வாய் திறவாத கேள்விக்கு விடை சொல்ல ஆள் கிடைக்காமற் போவதில்லை. பேருந்து நிலையச் சுவர்களும், மாதத்தில் ஒருநாள் நகரத்து விடுதியில் அறையெடுத்து இளமையை மீட்டுத் தரும் வைத்தியர்களும் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகின்றனர். ஆண்மைக் குறைவைப் போக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் நடுவண் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டமும் இருக்கிறது; சுவரும் இருக்கிறது.

சுவர் விளம்பரங்களுக்கு அப்பால், முறையாகப் படித்த மருத்துவர்களின் வாயிலிருந்தே இப்போது ஒரு பெயர் நம் காதில் விழுகிறது: டெஸ்டோஸ்டிரோன். ஆணுடலில் சுரக்கும் இந்த ஹார்மோன் வயது ஏற ஏறக் குறைகிறது என்றும், குறைந்ததை ஊசியாகவோ தோலில் பூசும் ஜெல்லாகவோ ஈடுசெய்யலாம் என்றும் கேள்விப்படுகிறோம். அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் சொல்கின்றனர், கைப்பேசியும் சொல்கிறது. நம்மைப் போன்ற முதிய ஆண்கள் இதை மருத்துவரிடம் கேட்பது முறையா? முறையெனில், எதை என்று கேட்பது? எவருக்கு எந்த மருந்து என்று முடிவுசெய்வது மருத்துவரின் பணி. அதில் நாம் புகவில்லை. கேட்கப் போகிறவரின் மனத்தில் நடப்பதை மட்டும் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இந்த ஹார்மோனின் வேலையை அறிவியலார் சொல்லித்தான் நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஏர் பூட்டுவதற்காகக் காளைக்குக் காயடித்த மரபு நம்முடையது. காயடித்த மாட்டின் கழுத்து எவ்வாறு மெலியும், திமில் எவ்வாறு அடங்கும், முட்ட வரும் சினம் எவ்வாறு தணியும் என்பதை உழவர் எவரும் அறிவர். வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம் நம்முடையது. அங்கே அவிழ்த்துவிடப்படும் காளையையும் ஒரு வண்டி மாட்டையும் அருகருகே நிறுத்தினால், ஒரு சுரப்பியின் வரலாறே கண்முன் நிற்கும். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்டோல்ட் என்பவர் இதைச் சேவல்களைக் கொண்டு சோதித்தார். விதை நீக்கப்பட்ட சேவல்கள் கூவவில்லை; சண்டைக்கும் எழவில்லை; கொண்டையும் சுருங்கிற்று. விதையை எடுத்து வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துவிட்ட சேவல்களோ கொண்டை குன்றாமல் கூவிக்கொண்டே இருந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் இவ்வாறு நிகழ்ந்தமையால், இரத்தத்தில் கலந்து செல்லும் ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என அவர் உய்த்துணர்ந்தார். நரம்புத் தளர்ச்சி என்னும் நம் சொல் எவ்வளவு பிழையானது என்பதற்கு அந்தச் சேவல்களே சாட்சி!

அப்பொருளை 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழுவினர் தனியே பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். அதே ஆண்டில் அதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய பூட்டனாண்ட், ருசிக்கா ஆகிய இருவரும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வரலாறு இவ்வளவே. ஆனால் நம் அச்சம் இந்த வரலாற்றில் இல்லை. அந்த வண்டி மாட்டில் இருக்கிறது. 'காயடித்த மாடு' என்பதை ஒருவரைப் பழிக்கும் சொல்லாகவே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த மாடு உழுததைத்தான் உண்டு வளர்ந்தோம் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

இந்த அச்சத்தின் ஆற்றலை விளக்க ஒருவரின் கதை போதும். 1889 ஜூன் முதல் நாள், பாரிஸ் நகரின் உயிரியல் கழகத்தில் 72 வயது அறிஞர் ஒருவர் எழுந்து தம் உடலைப் பற்றியே உரையாற்றினார். பெயர் பிரவுன்-செக்கார், தமிழர் பலர் குடியேறி வாழும் மொரீசியஸ் தீவில் 1817இல் பிறந்தவர், தண்டுவடத்தைப் பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்றவர். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி வழியே செலுத்திக்கொண்டதாகவும், இழந்த வலிமை மீண்டு வந்ததாகவும் அவர் கூறினார். படிகளில் விரைந்து ஏற முடிகிறது என்றார். ஆய்வுக்கூடத்தில் நெடுநேரம் நின்று பணிபுரிய முடிகிறது என்றார். செய்தி பரவியது, வணிகர்கள் அதைப் புட்டிகளில் அடைத்து விற்றனர். அவரோ 1894இல் மறைந்தார். 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய முறையிலேயே சாறு எடுத்து அளந்து பார்த்தனர். அதிலிருந்த டெஸ்டோஸ்டிரோன் உடலில் எந்த மாற்றத்தையும் விளைவிக்கப் போதாத அளவாக இருந்தது.

அப்படியானால் படியேறிய வலிமை எங்கிருந்து வந்தது? அந்த முதியவர் பொய்யர் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். பெற்றே தீரவேண்டும் என்று விரும்பியதைப் பெற்றுவிட்டதாக அவர் உணர்ந்தார், அவ்வளவே. குறையாமல் தந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிய கனவு இல்லாத ஊர் ஏது? நம் ஊர்த் தலக்கதையிலும் நாள்தோறும் ஒரு பொற்பழம் தரும் பனை நிற்கிறது.

இன்றைய மருத்துவம் பிரவுன்-செக்காரின் ஊசியைக் கடந்து வந்துவிட்டது. அது தயங்கித் தயங்கியே பேசுகிறது. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்க வேண்டும். ஆண்களுக்கு இந்த ஹார்மோன், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதுபோல், ஓரிரு ஆண்டுகளில் நின்றுவிடுவதில்லை. நடுவயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்ற அளவில் மெல்லக் குறைகிறது. அதிலும் உடற்பருமன், சர்க்கரை நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், நெடுநாள் உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவை செய்யும் கேட்டினை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். ஐரோப்பாவின் 8 நகரங்களில், 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வொன்று, அறிகுறிகளும் இரத்த அளவும் ஒருசேரக் குறைவைக் காட்டியவர்கள் 2.1 விழுக்காட்டினரே எனக் கண்டது. சோர்வு பலருக்கு உண்டு. அந்தச் சோர்வுக்கு இந்த ஹார்மோன் காரணமாவது மிகச் சிலருக்கே என்பது இதன் பொருள்.

அந்தச் சிலருக்கு மருந்து என்ன செய்கிறது? அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, ஹார்மோன் அளவு குறைந்த 790 ஆண்களுக்கு ஓராண்டுக் காலம் ஜெல் கொடுத்துச் சோதித்தனர்; பாதிப்பேருக்கு மருந்தில்லா ஜெல். 2016இலும் அடுத்த ஆண்டிலும் முடிவுகள் வெளிவந்தன. இல்லற விருப்பும் ஆற்றலும் ஓரளவு கூடின. இரத்தசோகை சிலருக்கு நீங்கியது. எலும்பின் அடர்த்தி உயர்ந்தது. ஆனால் பெரும்பாலோர் எதை நாடி வந்தனரோ, அந்தப் பொதுவான ஊக்கமும் உற்சாகமும் மருந்து பெற்றவர்களிடம் குறிப்பிடும்படி உயரவில்லை. நினைவாற்றலும் கூடவில்லை. பின்னர் 5,246 ஆண்களைக் கொண்ட பெரியதோர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதை வழிநடத்தியோருள் இந்திய வழியினரான மருத்துவர் சலேந்தர் பாசினும் ஒருவர். இதய நோய் உடையவர்களும் அதற்கான வாய்ப்பு மிகுந்தவர்களுமே அதில் சேர்க்கப்பட்டனர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை மருந்து பெற்றோரில் 7.0 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. பலரும் அஞ்சியபடி மருந்து அவற்றைப் பெருக்கவில்லை. எனினும் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தம் உறைதலும் மருந்து பெற்றோரிடம் சற்று மிகுந்தன. எலும்பை உறுதியாக்கும் என்று நம்பப்பட்ட மருந்தைப் பெற்றவர்களுக்கே எலும்பு முறிவு கூடுதலாக நேர்ந்தது வியப்பு. அறிவியல் இப்படித்தான் நம்மைப் பணிவுக்குப் பழக்குகிறது.

இனி, பக்தியின் பெயரால் எழும் ஒரு மறுப்பை நோக்குவோம். 'முதுமை இறைவன் தந்தது, அதை ஏற்றுக்கொள்வதே முறை, ஊசி எதற்கு?' என்பர் நம்மில் சிலர். கேட்பதற்கு இது உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் இப்படிச் சொல்பவரே கண்ணில் புரை விழுந்தால் அறுவை செய்துகொள்கிறார். பல் விழுந்தால் கட்டிக்கொள்கிறார். அவருடைய மனைவி நாள்தோறும் வெறும் வயிற்றில் விழுங்கும் தைராய்டு மாத்திரையும் ஒரு ஹார்மோனே. அண்டை வீட்டார் வயிற்றில் குத்திக்கொள்ளும் இன்சுலினும் ஹார்மோனே. அவற்றைக் குறித்து எவரும் ஆன்மீக ஐயம் எழுப்பவில்லை. மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞான நூல், இந்தச் சுரப்பிக்கு விலக்கு எதுவும் வைக்கவில்லை. ஆகவே ஊசியில் பாவம் இல்லை. இயற்கை என்ற ஒரு சொல்லை வைத்து இந்தக் கேள்வியை மூடிவிட முடியாது.

மூடிவிட முடியாது என்பதனால் கேள்வி எளிதாகிவிடவும் இல்லை. தாவீது அரசரின் இறுதிக் காலத்தை அரசர்கள் முதல் நூல் எப்படித் தொடங்குகிறது என்பதை நினைவுகூர்வோம். அரசர் முதுமையடைந்தார், எத்தனை போர்வை போர்த்தும் அவர் உடலில் சூடேறவில்லை. அலுவலர்கள் கூடிப் பேசி, நாடெங்கும் தேடி, அபிசாகு என்ற இளம்பெண்ணைக் கொண்டுவந்து அவருக்குப் பணிவிடை செய்ய வைத்தனர். அக்காலத்து அரண்மனை அறிந்த ஹார்மோன் மருத்துவம் அதுவே எனலாம். அரசர் அவளோடு கூடவில்லை என்று நூல் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அரசருக்கு என்ன வேண்டும் என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. அபிசாகுவையும் எவரும் கேட்கவில்லை. அதே வேளையில் வெளியே அதோனியா தானே அரசன் என்று விருந்து வைத்துக்கொண்டிருக்கிறான். பத்சேபாவும் இறைவாக்கினர் நாத்தானும் உள்ளே வந்து, முன்பு கொடுத்த வாக்கை நினைவூட்டியபோதுதான் அந்தக் கிழவர் நிமிர்கிறார், ஆணையிடுகிறார், சாலமோனை அரியணையில் அமர்த்துகிறார். அதன் பின்னர் குளிரைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. அவருக்குக் குறைந்திருந்தது உடற்சூடு மட்டும்தானா என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ?

'பழைய தெம்பு வேண்டும்' என்று மருத்துவரிடம் கேட்கும் நம் வாயில் ஒரே ஒரு வேண்டுகோள் இருப்பதில்லை. பல வேண்டுகோள்கள் ஒன்றையொன்று போர்த்திக்கொண்டு நிற்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. மணமான புதிதில் நட்ட கன்றுகள், பிள்ளைகளைப் படிக்க வைத்த மரங்கள், வேரோடு கிடந்தன. அறுபதை நெருங்கிய ஒருவர் மீண்டும் கன்று நட்டுக் காய்ப்பைக் காணக் காத்திருக்க வேண்டிய ஆண்டுகளைக் கணக்கிட்டால் தளராமல் என்ன செய்வார்? அவருக்கும் உறக்கம் கெடுகிறது. எதிலும் நாட்டம் இல்லை. மனைவியின் அருகாமையும் சுமையாகிறது. இரத்தத்தைச் சோதித்தால் ஒருவேளை ஹார்மோனும் குறைந்தே இருக்கலாம். ஆனால் அவர் இழந்தது நானோகிராம் கணக்கில் அடங்குவதா? ஓய்வு பெற்ற மறுநாள் எவரும் தன்னைத் தேடி வரவில்லை என்பதைக் கண்ட ஆசிரியரும், தன் சொல் வீட்டில் செல்லுபடியாகவில்லை என்று உணர்ந்த தந்தையும் இதே அறிகுறிகளைத்தான் சொல்வர். சோர்வு என்னும் ஒரே வாசலில் வெவ்வேறு துயரங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே ஊசி உண்டு.

விலை கொடுப்பவர் யார் என்பதும் நம் எண்ணத்தில் இருக்க வேண்டும். யயாதியின் கதையை நாமெல்லாம் அறிவோம். சாபத்தால் மூப்படைந்த அந்த அரசன், தன் பிள்ளைகளிடம் இளமையை இரந்தான். இளைய மகன் பூரு தன் இளமையைத் தந்து தந்தையின் முதுமையை ஏற்றான். நெடுங்காலம் துய்த்த பின்னரும் வேட்கை தணியவில்லை என்று கண்டு யயாதி அதைத் திருப்பிக் கொடுத்தான் என்பது கதையின் முடிவு. நம் மண்ணின் ஔவையோ, மணத்தைத் தவிர்க்க வேண்டி முதுமையைத் தனக்கு வரமாகக் கேட்டுப் பெற்றாள் என்பர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, யயாதியின் வேட்கையைக் காட்டிலும் அவன் கை நீட்டிய இடமே நம்மை உறுத்துகிறது. இன்று எவரும் மகனின் இளமையை வாங்குவதில்லை. ஆனால் தோளில் பூசிய டெஸ்டோஸ்டிரோன் ஜெல், காய்வதற்கு முன் அந்தத் தோளில் பேரக்குழந்தை சாய்ந்தால் அதன் உடலிலும் ஏறும். சிறு குழந்தைகளிடம் பருவத்துக்கு முந்திய மாற்றங்கள் தோன்றியதால், 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றிக் கடுமையான எச்சரிக்கையை மருந்து உறையில் அச்சிடச் செய்தது. பேரனைத் தோளில் போட்டு உறங்க வைப்பது நம் வீட்டுத் தாத்தாக்களின் அன்றாடம். மருத்துவர் வேறெதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்லாமல் விடலாகாது.

மற்றுமொரு கூட்டத்தாரையும் மறந்துவிடக் கூடாது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு பரவியவர்களுக்கு இதே ஹார்மோனை நிறுத்துவதுதான் மருத்துவம். சிகாகோ நகரின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் இதைக் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். விதைகளை நீக்கியோ ஊசியால் சுரப்பை அடக்கியோ பல ஆண்கள் உயிர் நீட்டிக்கப்பெற்று நம் நடுவே வாழ்கின்றனர். மகளை மணமுடித்துக் கொடுக்கின்றனர். திருப்பலியில் வாசகம் வாசிக்கின்றனர். வாய்க்கால் வழக்கில் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்கின்றனர். அவர்களை ஆண்மை இழந்தவர்கள் என்று சொல்ல நமக்கு நா எழுமா? எழாது எனில், நம்மை நாமே அப்படி அழைத்துக்கொள்வதும் ஏன்?

இதற்கு நேர்மாறான தவறொன்றும் உண்டு. பக்திமான்களிடம் அது மிகுதி. முதிய வயதில் சோஃபக்ளிஸ் என்ற கிரேக்கப் புலவரிடம் இல்லற இன்பம் பற்றிக் கேட்டபோது, வெறிபிடித்த எசமானிடமிருந்து தப்பியதுபோல் இருக்கிறது என்று மகிழ்ந்து சொன்னாராம். பிளேட்டோ குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு அது உண்மையாயிருக்கலாம். அந்த விடுதலையை உண்மையாகவே உணர்ந்த முதியவர்கள் நம் ஊரிலும் உள்ளனர். அவர்களுடைய முகத்தில் அது தெரியும். ஆனால் உள்ளே குமைந்துகொண்டு வெளியே துறவு பேசுவது வேறு. குருக்களும் கன்னியரும் தாமே தேர்ந்து, ஒப்புக்கொடுத்து வாழும் கற்புநிலையோடு, நமக்குத் தானாக நேர்ந்துவிட்ட இயலாமையை நிகராக வைத்துப் பேசுவது அவர்களுக்கும் நீதியன்று, நமக்கும் உண்மையன்று. நோயாக இருப்பதை நற்பண்பு என்று பெயர் மாற்றிவிட்டால், நோய் குணமாவதும் இல்லை, நற்பண்பு வளர்வதும் இல்லை.

பின் எவ்வாறு பேசுவது? தாவீதின் வரலாற்றிலேயே இதற்கு ஒருவர் இருக்கிறார். பர்சில்லாய் என்ற 80 வயதுப் பெரியவர். அரசர் அவரை எருசலேமுக்கு அழைத்து, தம்மோடு வைத்துப் பேணுவதாகச் சொல்கிறார். பெரியவர் தம் இழப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். நல்லது கெட்டது பிரித்தறியும் கூர்மை குறைந்தது. உண்பதன் சுவை தெரியவில்லை. பாடுவோர் குரல் காதில் விழவில்லை. அரசருக்கு நான் ஏன் சுமையாக வேண்டும் என்கிறார். இதில் தன்னிரக்கம் இல்லை, மூடிமறைத்தலும் இல்லை. எது போயிற்று என்று தெளிவாகத் தெரிந்திருப்பதால், எது வேண்டும் என்றும் அவருக்குத் தெரிகிறது: தம் ஊரில், தாய் தந்தையர் கல்லறை அருகில் இறக்க வேண்டும், கிம்காம் அரசரோடு போகட்டும். அரசர் அவரை முத்தமிட்டு அனுப்புகிறார்.

பழைய நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கு நம்மை ஆயத்தப்படுத்திய உபதேசியார்கள் 'பொதுவாகச் சொல்லக் கூடாது. இன்னது, இத்தனை முறை என்று சொல்ல வேண்டும்' எனப் பயிற்றுவித்தனர். மருத்துவரின் அறையிலும் அதே ஒழுங்குதான். அசதி என்றால் எப்போதிருந்து? விருப்பமே இல்லையா, விருப்பமிருந்தும் உடல் ஒத்துழைக்கவில்லையா? இரண்டும் வேறு, இரண்டாவது, சர்க்கரையாலோ இரத்தக்குழாய் அடைப்பாலோ வருவதாகவும் இருக்கலாம், இதயத்துக்கு வரப்போகும் கேட்டின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். அதிகாலையில் உறுப்பு தானாக விறைப்பது நின்றுவிட்டதா? இளமையில் பொன்னுக்குவீங்கி வந்து விதை வீங்கியதுண்டா? இரவில் குறட்டை எப்படி? வேறென்ன மருந்துகள், என்னென்ன லேகியங்கள்? மருத்துவர் இளம்பெண்ணாக இருந்தால் நம் நா மேலும் பின்வாங்குகிறது. "டாக்டரம்மாகிட்ட போய் எப்படி இதைச் சொல்றது?" என்கிறோம். அவரோ உடற்கூற்றையும் நோயையும் கற்றுத் தேர்ந்தவர், கூசுவது நாம்தான். உடன் வந்த மகன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தால் எந்தத் தந்தையும் பேசமாட்டார். மகனைச் சற்றே வெளியே இருக்கச் சொல்லும் மருத்துவர், அந்த ஒரு செயலாலேயே பாதி மருத்துவத்தைச் செய்துவிடுகிறார்.

இரத்தச் சோதனைக்கும் முறை இருக்கிறது. இந்த ஹார்மோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பதால், விடியற்பொழுதில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ஒருமுறை குறைவாக வந்தால் மற்றொரு நாளும் எடுக்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது எடுத்த கணக்கு செல்லாது. மருந்து தொடங்கினால், புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. அளவையும் இரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதையும் சில மாதங்களிலேயே மீண்டும் பார்த்தாக வேண்டும். இத்தனையும் விடுதி அறை வைத்தியரிடம் கிடைக்காது. காகிதத்தில் அச்சான எண் ஒன்றை மட்டும் பார்த்து ஊசி எழுதும் மருத்துவரும், 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு ஐயா' என்று சிரித்து அனுப்பும் மருத்துவரும் நம் பார்வையில் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவரும் வந்தவரைக் கேட்கவில்லை.

எஞ்சியிருப்பது மனைவி. இத்தனை நேரம் ஆணைப் பற்றியே பேசிவந்தோம். அவர்களும் அப்படித்தான் பேசுகின்றனர். அவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் மாதவிலக்கு நின்றது. உடல் தகித்தது, உறக்கம் கெட்டது, காரணமின்றிக் கண்ணீர் வந்தது. எவரும் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இழந்ததை மீட்டுத் தருமாறு கேட்கவில்லை. 'எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே' என்ற ஒரு வரியில் அது முடிந்தது. இன்று அவள் பேரப்பிள்ளையோடு உள்ளறையில் படுக்கிறாள். அவர் திண்ணையிலோ முன்கூடத்திலோ. அந்தத் தொலைவு ஹார்மோனால் வந்ததா, வேறெதனாலும் வந்ததா என்று இருவரும் பேசியதில்லை. இப்போது அவர் ஊசி போட்டுக்கொள்ள எண்ணுகிறார் என்றால், அது அவளைப் பற்றிய முடிவும் அல்லவா? இல்லறம் என்பது இருவர் ஒருவருக்கொருவர் திருச்சபையின் முன் கொடுத்த வாக்கு. அவளுக்கு இது வேண்டாததாக இருக்கலாம். அவளுக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். அவளும் கேட்கக் கூசி, அவருக்குத்தான் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருக்கவும் கூடும். மூன்றாவதாகச் சொன்னது நாம் நினைப்பதைவிட மிகுதியாக நடக்கிறது.

நல்ல மருத்துவர் ஒருவர் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: 'அம்மா என்ன நினைக்கிறாங்க?' இதற்கு விடை தெரியாமல் விழிக்கும் முதியவர்கள் மிகப் பலர். கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள், அம்மாவுக்கு விருப்பமென்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினால், வீடு திரும்பும் வழியெல்லாம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அந்த முதியவர் எண்ணிக்கொண்டே வரவேண்டியிருக்கும். அன்றிரவு பேரன் உறங்கிய பிறகு அவர்கள் பேசுவது நமக்குரியதன்று. மறுவாரம் சீட்டில் எழுதப்படுவது ஊசியாகவும் இருக்கலாம். எதுவும் எழுதப்படாமலும் போகலாம்.